கழித்தல் குறி

போனில் வரும் திட்டு முடியும்வரை கேலீன் இஸ்திரி போடுவாள். கைபேசியைப் பலகையின் ஓரத்தில் சாய்த்துவைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, பாத்திரம் துடைக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீவுவாள். பாத்திரத் துண்டுக்கு எதற்கு மடிப்பு என்று கேட்பதைக் கணவன் கெல்வின் எப்போதோ விட்டுவிட்டான். சிறிய திட்டுக்கு இரண்டு துண்டு போதும். குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு ஆப்பிள் தோட்டக்காரர் பேசியபோது துண்டுகள் தீர்ந்து, தலையணை உறைகள் தீர்ந்து, கெல்வின் சிப்பிப் பண்ணைக்குப் போட்டுப்போகும் கந்தல் சட்டைவரை வந்துவிட்டது.

அழைப்பவர்கள் எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். பழத்தோட்டக்காரர்கள். மெல்பர்னில் ஒரு கம்பெனி விற்கிற உறைபனி எச்சரிக்கைப் பெட்டியை வாங்கி மரத்துக்கு நடுவில் கம்பம் நட்டு மாட்டியவர்கள். கேலீன் அந்தக் கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அதன் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெட்டி மக்கர் செய்தால் இவர்கள் முதலில் கம்பெனியைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு குரல் ஒன்றை அழுத்தச் சொல்கிறது, பிறகு மூன்றை அழுத்தச் சொல்கிறது, பிறகு பியானோ வாசிக்கிறது. வெறுத்துப்போய்ப் பெட்டியின் சின்னத் திரையைத் தட்டிக்கொண்டே உள்ளே போகிறார்கள். கடைசி அறையில் ‘உரிமங்கள்’ என்று ஒரு பக்கம். பொடி எழுத்து. அதில் ஒரு பெயர்: கேலீன் பர்டன், சிக்னெட், டாஸ்மேனியா. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வேறு மனிதப் பெயர் கிடையாது. சிக்னெட்டில் பர்டன் வீடு ஒன்றுதான்; எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

“ஆமா, கேலீன்தான். சொல்லுங்க,” என்பாள். சொல்வார்கள்.

வாரத்தில் மூன்று நாள் ஹுவான்வில் நகராட்சி அலுவலகத்தில் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. கடவுச்சொல்லை மறந்தவர்கள், அச்சு இயந்திரத்தோடு சண்டை போட்டவர்கள், திரை கறுத்துப்போனவர்கள். யார் என்ன சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: “எங்க, காட்டுங்க பாப்பம்.” மேயர் ஒருமுறை தன் முதுகுவலியைப் பற்றிச் சொன்னபோதும் இதையே சொல்லிவிட்டாள். காட்டாததை அவள் நம்புவதில்லை. மறைப்பதையும் பொறுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேக் செய்முறையில் ஒரு பொருளைச் சொல்லாமல் விட்டதற்காக அவளோடு ஒரு கோடைகாலம் முழுக்கப் பேசவில்லை.

பித்தளைக் குரங்கு என்ற உறைபனி எச்சரிக்கைக் கருவி அவள் செய்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏழெட்டு ஆப்ரிகாட் மரங்களுக்காகச் செய்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பல்லைக் கிட்டவைக்கும் குளிரைச் சொல்லப் பித்தளைக் குரங்கை இழுப்பார்கள். குரங்குக்கு எது உறைந்து கழன்று விழும் என்பதை மட்டும் பெரியவர்கள் முன்னால் சொல்வதில்லை. ஒரு சர்க்யூட் போர்டு, அதற்கு ஒரு நிரல், மரக்கிளையில் கட்டித் தொங்கவிட ஒரு வெப்பமானிக் கம்பி. குளிர் குறித்த அளவுக்கு இறங்கினால் பழைய லாரி ஹாரன் ஒன்று அலறும். எழுந்து போய்த் தண்ணீர்த் தெளிப்பானைத் திறந்துவிட்டால், நீர் உறையும்போது விடும் சூட்டில் பூ பிழைக்கும். வரைபடத்தையும் நிரலையும் அவள் இணையத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், செய்துகொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியவள் பெயரை எடுத்துவிடக் கூடாது.

எடுத்துக்கொண்டவர்கள் ஒரு கூட்டமானார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. அவர்கள் எழுத்தின் குணம் தெரியும். ஒரு கால்புள்ளிக்காக மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். குறை சொல்லி ஒருவன் வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே பதிலைச் சொல்லும்: “திருத்தி அனுப்பு.” அனுப்பினால் பிய்த்து உதறிப் பார்ப்பார்கள். தேறினால் அவன் பெயரோடு சேர்ப்பார்கள். சேர்த்தது எதுவும் அழிவதில்லை. யார் எந்த வரியை எழுதினார், யார் எதில் தவறினார், யார் கண்டுபிடித்தார், எல்லாம் உலகம் பார்க்க அப்படியே நிற்கும்.

கேலீனின் பெரிய தவறும் அங்கே நிற்கிறது. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரவேண்டும். முதலில் எழுதிய நிரலில் அந்தக் குறியைப் படிக்க அவள் மறந்துபோனாள். குறி இல்லாமல் படித்தால் மைனஸ் ஒன்று என்பது நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து ஆகிவிடும்; கணினி எண்களை வைத்திருக்கும் விதம் அப்படி. உறைபனிக்காகச் செய்த கருவி, உறைபனி விழுந்த நொடியில் தோட்டம் கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். நியூசிலாந்தில், ஒட்டாகோவில், ஆப்ரிகாட் தோட்டம் வைத்திருக்கும் விரெமு பாக்கிதான் அதைப் பிடித்தான். “சிஸ், என் தோட்டம் சூரியனுக்குப் பக்கத்துல குடிபோயிடுச்சு போல இருக்கு” என்று எழுதினான். அன்றைக்கே அவள் திருத்தினாள். ஒரே ஒரு வார்த்தை. கீழே குறிப்பும் எழுதினாள்: ‘தவறு என்னுடையது. கழித்தல் குறியை மறந்தேன். கண்டுபிடித்தவர் விரெமு.’ இது நடந்து ஆறு வருடம்.

அப்போதே விரெமு இன்னொன்றும் சொன்னான். உரிமத்தை மாற்று. எடுக்கிறவன் தன் நிரலையும் எல்லாரும் பார்க்கத் திறந்துவைக்க வேண்டும் என்று போடு. “நான் என்ன போலீஸா?” என்று கேட்டாள் கேலீன். “எடுத்துட்டுப் போறவன் பின்னாடியே நான் ஓடணுமா? மனுஷன்னு நம்பிக் குடுக்கறதுதான்.”

அவள் நிரலை எடுத்துக் கம்பெனி செய்த பெட்டியை அவள் முதலில் பார்த்தது விவசாயக் கண்காட்சியில். வெள்ளை நிறம், வழவழப்பான விளிம்பு, கையில் பிடித்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். கூச்சத்தோடு திரையைத் தட்டித் தட்டி உள்ளே போய், தன் பெயரைப் பார்த்துவிட்டு, கெல்வினைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

செர்ரி பூத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லிண்டன் பைபஸின் அழைப்பு வந்தது. ஜட்பரிக்காரர். அதே பள்ளத்தாக்கு, ஆற்றுக்கு மேல்பக்கம்.

“கேலீன் பர்டனா?”

“ஆமா. சொல்லுங்க.”

“நேத்து ராத்திரி தூங்கினீங்களா?”

“தூங்கினேன்.”

“நானும்தான். உங்க பெட்டி முழிச்சிருக்கும், மைனஸ் ஒண்ணுல எழுப்பும்னு நம்பித் தூங்கினேன்.”

கேலீன் ஒரு துண்டை விரித்தாள்.

“கீழ்த் தோட்டம் பூரா போச்சு. நகத்தால பூவைக் கீறிப் பாத்தேன். உள்ள மை வச்ச மாதிரி கறுப்பு. ஒண்ணு, ரெண்டு, எந்த மரத்துல தொட்டாலும் கறுப்பு. நீங்கல்லாம் என்னத்த எழுதறீங்க? மனுஷன் சாப்பிடறானா சாகறானான்னு ஒரு தடவையாவது நெனைக்கறீங்களா?”

“காலைல திரையில என்ன போட்டிருந்துச்சு?”

“அதை வேற கேக்கறீங்களா? நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு டிகிரியாம். என் செர்ரிக்கு நடுவுல எரிமலை வெடிக்குதாம்.”

கேலீனின் கை நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டி துண்டின் மேலேயே நின்றது. கரிந்த நாற்றம் வந்து கெல்வின் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தான்.

“அது என்னன்னு எனக்குத் தெரியும்,” என்றாள்.

“தெரிஞ்சேவா விட்டு வச்சிருந்தீங்க?”

நான் விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லவேண்டும். கறுத்த பூவைக் கையில் வைத்திருப்பவனிடம் அதைச் சொல்வது அழகில்லை.

“மேல் தோட்டம்?” என்று கேட்டாள்.

“இன்னும் உசுரோட இருக்கு. வெள்ளிக்கிழமை விடியக்காலைல மறுபடி விழும்ங்கறாங்க. அதுக்கப்புறமும் இந்த மாசம் பூரா பயம்தான். தெனம் முழிச்சிருக்க நான் என்ன ஆந்தையா? மேல் தோட்டமும் போச்சுன்னா இந்த வருஷம் எனக்குப் பழமே கெடையாது. கேக்குதா?”

“கேக்குது. வெள்ளிக்கு முன்னாடி வரேன்.”

“வந்து?”

“வந்து பாக்கறேன்,” என்றாள். வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்த ஒரே வாக்குறுதி அது.

“பைபஸா?” என்றான் கெல்வின், பேச்சு முடிந்ததும். “ஃபுட்பால்ல என் முழங்காலை ஒடச்சவன். தங்கமான மனுஷன்.”

அன்று மதியமே அவளுடைய இணையப் பக்கத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கம்பெனியிலிருந்து, ஜாரெட் என்பவன். ‘ஹாய் டீம்! எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசரப் பிரச்சினை. பூஜ்யத்துக்குக் கீழே அளவு தவறாகக் காட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து தர இயலுமா? உங்கள் அருமையான பணிக்கு நன்றி!’ கடைசியில் மூன்று ராக்கெட் படங்கள்.

கேலீன் அதைச் சத்தமாகப் படித்தாள். கெல்வின் மேஜை விரிப்பைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தான். “எங்க டீம்? வெளிய வரச்சொல்லு, டீ போடறேன்.”

அவள் சிரிக்கவில்லை. பதில் எழுதினாள், அழித்தாள். இன்னொன்று எழுதினாள், அது முதலாவதைவிட மோசமாக இருந்தது, அழித்தாள். செய்தியின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். கூப்பிட்டாள்.

“இது ஆறு வருஷத்துக்கு முன்னாடியே திருத்தினது, ஜாரெட். அந்தப் பக்கத்துலயே இருக்கு. எடுத்துக்கோங்க.”

“பாத்தேன் கேலீன், சூப்பர். ஆனா நாங்க அதுக்கு முந்தின பதிப்புல நிக்கறோம். புதுசுக்கு வந்தா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். அதான், பழசுலயே சரிபண்ணித் தர முடியுமான்னு கேட்டேன்.”

“தந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டிக்குப் போயிடுமா?”

“இல்ல இல்ல, அது அடுத்த காலாண்டுலதான்.”

“அப்ப எனக்கு மட்டும் எதுக்கு வெள்ளிக்கிழமை?”

“எங்க அட்டவணைல அப்படி இருக்கு.”

கேலீன் மூச்சை இழுத்து விட்டாள். “அடுத்த காலாண்டுல மரத்துல பூ இருக்காது, ஜாரெட்.”

“புரியுது. ரொம்ப வருத்தமா இருக்கு.”

“வருத்தம் வேண்டாம். ஒரே ஒரு பெட்டிக்குச் சாவி குடுங்க. பூட்டைத் திறந்து நானே மாத்திட்டு வந்துடறேன். ஒரு வார்த்தைதான்.”

கம்பெனியின் முத்திரை இல்லாத நிரலை அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. எழுதியவளே கொண்டுபோனாலும் துப்பிவிடும். அந்த முத்திரைக்குத்தான் சாவி.

“சாவியை வெளிய குடுக்க முடியாதுங்க. பாதுகாப்பு.”

“யார்கிட்டேருந்து?”

“பொதுவா சொல்றேன்.”

“அந்த ப்ரோகிராமை எழுதினதே நான்.”

“ஆமா ஆமா,” என்றான் ஜாரெட், உண்மையான மரியாதையோடு. “அதுக்காகத்தானே உங்க பேரைப் போட்டிருக்கோம்.”

நல்ல பையன். அதுதான் அவளுக்கு இன்னும் கொதித்தது. அயோக்கியன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டலாம். இங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. அவள் கேட்டது பெயர் ஒன்றுதான். ஒரு எழுத்துக் குறையாமல் போட்டிருக்கிறார்கள். மற்றதை எல்லாம் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். ஆப்ரிகாட் மரத்தடியில் நின்று யாருக்கென்றில்லாமல் உரக்கச் சொன்னாள்: “என் தப்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. திருத்தத்தை விட்டுட்டாங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கேக்காரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் விரெமு கூப்பிட்டான். ஜாரெட்டின் ராக்கெட்டுகளைக் கூட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது.

“என்ன சிஸ், போலீஸ் ஸ்டேஷன் தொறந்திருக்கா?”

“வாயை மூடு, விரெமு.”

“சொன்னேன்ல?”

“சொன்ன. அதை ஒரு பலகையில எழுதி வாசல்ல மாட்டிக்கோ.”

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவனாகவே குரலைத் தாழ்த்தினான். “இப்பவாவது உரிமத்தை மாத்து.”

“இன்னிக்கு மாத்தினா, அன்னிக்கு எடுத்துட்டுப் போனது திரும்பி வருமா?”

“வராது.”

“அப்ப அதை நிதானமாப் பேசுவோம். எனக்கு வெள்ளிக்குள்ள ஒரு தோட்டம் இருக்கு. அந்தப் பெட்டியை நீ பிரிச்சிருக்கியா?”

“எங்க ஊர்ல ஒருத்தனோடதைப் பிரிச்சேன். பிரிச்சேன்னா, ஒடச்சேன். மேல இருக்கற ஸ்க்ரூ எதுக்கும் எந்த ஸ்க்ரூடிரைவரும் சேராது. உள்ள கறுப்புப் பிசினை ஊத்தி வச்சிருக்கானுங்க. ஆனா மரத்துலேருந்து வர்ற கம்பி இருக்கே, அது நம்ம கம்பிதான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நெறத்தைக்கூட மாத்தலை.”

“சோம்பேறிப் பசங்க,” என்றாள் கேலீன். அன்றைக்கு முதல்முறையாக அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

வியாழக்கிழமை மதியம் ஜட்பரிக்குப் போனாள். வண்டியில் ஒரு பித்தளைக் குரங்கு, லாரி ஹாரன், கெல்வினின் சிப்பி திறக்கும் கத்தி. லிண்டன் பைபஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தூக்கமில்லாத கண். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கெல்வின் பர்டன் பொண்டாட்டியா நீ? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.”

“கொஞ்சம் திட்டியிருப்ப.”

“கொஞ்சம் திட்டியிருப்பேன்,” என்று ஒத்துக்கொண்டார்.

கீழ்த் தோட்டத்தின் வழியாகத்தான் மேலே போகவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. வரிசை வரிசையாக வெள்ளை. லிண்டன் போகிற போக்கில் ஒரு பூவைக் கிள்ளி அவள் கையில் வைத்தார். அவள் நகத்தால் கீறினாள். கறுப்பு. அதைக் கீழே போடவில்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேல் தோட்டத்துக் கம்பத்தில் வெள்ளைப் பெட்டி இருந்தது. பிரித்தால் உத்தரவாதம் ரத்து என்று மூடியின் குறுக்கே ஒரு வெள்ளி நிறச் சீட்டு ஒட்டியிருந்தது. கேலீன் கத்தியை எடுத்ததும் லிண்டன் கையை நீட்டித் தடுத்தார்.

“உத்தரவாதம் போயிடுமே?”

“கீழ்த் தோட்டத்துக்கு வந்துச்சா உத்தரவாதம்?”

லிண்டன் கையை எடுத்துக்கொண்டார். கத்தி சீட்டைக் கிழித்துக்கொண்டு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இறங்கியது. சிப்பியைத் திறப்பது போலவே மணிக்கட்டைத் திருப்பினாள். ப்ளாஸ்டிக் உடைந்து தெறித்தது. உள்ளே கறுப்புப் பிசின், பாறை மாதிரி. அதோடு மல்லுக்கட்டாமல் வெளியே வந்த கம்பியைப் பிசின் ஓரத்தில் அறுத்தாள். தோலை உரித்தாள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. தன் போர்டில் அவற்றை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

“ஐஸ் இருக்கா? உப்பும் வேணும்.”

லிண்டன் வீட்டுக்குப் போய்ப் பெரிய கோப்பை நிறைய ஐஸ் கொண்டுவந்தார். கேலீன் அதில் உப்பைக் கொட்டிக் கிளறி, வெப்பமானிக் கம்பியின் நுனியைச் செருகினாள். இரண்டு பேரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள். ஒன்பது. ஐந்து. மூன்று. இரண்டில், அவள் குறித்துவைத்த அளவில், ஹாரன் அலறியது. பக்கத்துத் தோட்டத்து நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. லிண்டன் காதைப் பொத்திக்கொண்டார். கேலீன் கண்ணை எடுக்கவில்லை. ஹாரன் அலறுவது பெரிய விஷயமில்லை. ஒன்று. பூஜ்யம். பிறகு எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு வந்தது. மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு. ஹாரன் நிற்கவில்லை.

அவள் கம்பியை வெளியே எடுத்தாள். சத்தம் அடங்கியது.

லிண்டன் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டார். “இந்தக் கோடா?”

“அந்தக் கோடுதான்.”

“இவ்வளவூண்டு கோட்டுக்கா என் கீழ்த் தோட்டம்?”

கேலீன் கம்பியைக் கிளையில் கட்டிவிட்டு வந்து, பித்தளைக் குரங்கின் மூடியைப் பொருத்தி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை முடுக்கினாள். சாதாரண ஸ்க்ரூ, எந்தக் கடையிலும் கிடைப்பது. மேலே மேகம் ஒன்றுகூட இல்லை. விடிவதற்குள் உறைபனி நிச்சயம் விழும். லிண்டன் உடைந்த வெள்ளைப் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு கீழே இறங்கத் திரும்பினார்.

“நில்லு,” என்றாள் கேலீன். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினாள். “திற.”

“இப்பதானே மூடின?”

“திற.”

“எதுக்கு? நல்லாத்தானே வேலை செய்யுது. உள்ள இருக்கறது எனக்கு என்ன புரியப்போகுது?”

“நாளைக்கு இது தப்புப் பண்ணினா நீயே திறக்கணும்ல?” அவள் கையை மடக்கவில்லை. லிண்டன் வெள்ளைப் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். முதல் ஸ்க்ரூவைத் தப்பான பக்கம் திருகினார், பிறகு சரியான பக்கம். கேலீன் கைகளைக் கட்டிக்கொண்டு, நான்காவது ஸ்க்ரூவும் கழன்று அவர் உள்ளங்கையில் விழும்வரை, நகராமல் நின்றாள்.